சக்கர மூடியைக் கழற்றிப் பார்த்தார்களா?

உங்கள் ரைடிங் மோவரின் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். பின்சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். என் வண்டியைப் பார்த்த கடையில் அதை யாரும் செய்யவில்லை. இன்ஜின் ஓடுகிறது, பெடலை மிதித்தால் நகரவில்லை என்று கேட்டதுமே, டிரான்ஸ்மிஷனான ஹைட்ரோஸ்டாட்டிக் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதி நீட்டிவிட்டார்கள். கூலியும் சேர்ந்தால் புது வண்டி விலையில் பாதிக்கு மேல். பழுதுபார்க்காமலே, பார்த்ததற்கென்று தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள்.

நார்த் கரோலினாவில், ராலே நகரைத் தாண்டி ஓர் ஏக்கர் மனையோடு வீடு வாங்கியவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்கள் எப்படி என்று தெரியும். ஃபெஸ்க்யூ புல்லை ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் அடுத்த வாரம் பிளேடு திணறும். குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வரும். என் மனையில் பின்பக்கம் சரிவாக இருக்கும்; தள்ளும் மோவரை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

வழக்கமான சோதனைகளை நீங்களே முடித்துவிடலாம். பார்க்கிங் பிரேக் முழுவதும் விடுபட்டிருக்கிறதா? வண்டியைக் கையால் தள்ளுவதற்காகப் பின்புறம் இருக்கும் பைபாஸ் கம்பி ஓட்டும் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா? அடியில் டிரைவ் பெல்ட் புல்லியை விட்டு இறங்கியிருக்கிறதா, அதை இறுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா? பெல்ட் வாங்கினால் வண்டிக்குரிய பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். அளவு ஒன்றுதானே என்று கார் பெல்ட்டை மாட்டாதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வண்டி நகரவில்லையா? எப்படி நின்றது என்று யோசியுங்கள். ஹைட்ரோ யூனிட் தேய்ந்தால் அது பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும். அரை மணி நேரத்தில் எண்ணெய் சூடேறியதும் மேட்டில் ஏறத் திணறும். நாளுக்கு நாள் இது கூடும். என் வண்டியோ முதல் நாள் அந்தச் சரிவில் சிரமமில்லாமல் ஏறியது, மறுநாள் அசையவே இல்லை. திடீரென்று நின்றால் எங்கோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைக் கடையில் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

பல வண்டிகளில் பின்சக்கரம் ஆக்சிலோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்காது. முக்கால் அங்குல ஆக்சிலிலும் சக்கரத்தின் நடுத்துளையிலும் நீளவாக்கில் ஒரு காடி இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சதுரக் கீ உட்கார்ந்திருக்கும். 3/16 அங்குலத் தடிமன், அவ்வளவுதான். ஆக்சிலின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுப்பது அதுதான். வெளியே வாஷரும் ஈ-கிளிப்பும் சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கீ போய்விட்டால் ஆக்சில் சக்கரத்துக்குள்ளேயே வெறுமனே சுற்றும். டிஃபரன்ஷியல் இருப்பதால், தடையில்லாமல் சுற்றும் அந்தப் பக்கத்துக்கே ஓட்டமெல்லாம் போய்விடும். நன்றாக இருக்கும் இன்னொரு சக்கரமும் சும்மா நிற்கும். பார்ப்பவருக்கு டிரான்ஸ்மிஷன் செத்ததுபோலவே தெரியும்.

என் வண்டியிலும் கீதான் போயிருந்தது. ஏன்? அதே கடையில்தான் அதற்கு முன்பு பஞ்சர் பார்த்தார்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டியவர் ஈ-கிளிப்பைப் போடவில்லை. மூடியை மட்டும் அழுத்தி மூடிவிட்டார். சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர, கீ நழுவி விழுந்துவிட்டது. இவ்வளவு செலவுக்கும் அலைச்சலுக்கும் காரணம் அந்த ஒரு கிளிப்தான்.

சோதிக்க இன்ஜினே வேண்டாம். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூடியைக் கழற்றி, ஆக்சில் முனையிலிருந்து சக்கரம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இன்னொருவரை எதிர்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் கீ இல்லை. இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஹார்டுவேர் கடையில் கீ, கிளிப் எல்லாம் சில டாலர்தான். காடியைச் சுத்தம் செய்து, ஆக்சிலில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவி மாட்டினேன். அந்தக் கிரீஸை விடாதீர்கள். இங்கே மழையில் சக்கரம் ஆக்சிலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அடுத்த பஞ்சருக்குச் சுத்தியல் எடுக்க வேண்டியிருக்கும்.

"பழசைத் தள்ளிவிட்டுட்டு ஆள் வெச்சு வெட்டிக்கோ மாப்ளே, எதுக்கு இந்த வேலை?" என்றார் என் மச்சான். அவர் மனை கால் ஏக்கர், சமதரை. ஒரு ஏக்கருக்கு ஆள் கேட்கும் கூலியைச் சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியை வைத்துக்கொண்டேன். அந்த யூனிட் இன்றும் அதே மேட்டில் ஏறுகிறது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன், கடைக்காரர் தரவில்லை. இப்போது பஞ்சருக்கு எங்கே கொடுத்தாலும், வண்டியை ஏற்றுவதற்கு முன்னால் அங்கேயே மூடியைக் கழற்றி, கிளிப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.