மலேரியா ஒட்டுண்ணியும் கொசுவும்: ரொனால்டு ராஸின் ஆராய்ச்சி தரும் பாடம்

மலேரியாக் காய்ச்சல் கொசுவினால் பரவுகிறது என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியாகும். ஆயினும், நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி கொசுவின் உடலுள் என்ன செய்கிறது, எத்தனை நாள் தங்குகிறது, எவ்வழியே வெளிப்படுகிறது என வினவினால் விடை கூற வல்லார் சிலரே. இவ்வினாக்களுக்கு வழி திறந்தவர் சர் ரொனால்டு ராஸ். திறந்த இடம் நம் நாடு. அவர் எங்குத் தவறினார், எவ்வாறு அத்தவற்றினின்று மீண்டார் என்பதை அறிதல் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன் தரும்.

தொடக்கம்

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில், அல்ஜீரியாவிலிருந்த பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான் நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்திருந்தார். ஒட்டுண்ணியினுள் கருநிறத் துகள்கள் காணப்பட்டன. சிவப்பணுவிலுள்ள நிறப்பொருளை உண்டபின் எஞ்சும் கழிவே அத்துகள்கள்.

ராஸ் முதலில் இக்கண்டுபிடிப்பை ஐயுற்றார். 1894இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் ஒட்டுண்ணியை நுண்பெருக்கியில் நேரே காட்டிய பின்னரே அவர் ஐயம் நீங்கிற்று. யானைக்கால் நோய்ப் புழு கொசுவினுள் வளர்வதை முன்னரே கண்டிருந்த மான்சன், மலேரியா ஒட்டுண்ணியும் அவ்வாறே வளரக்கூடும் எனக் கருதினார். ஆனால், கொசு நீரில் விழுந்து மடிய, அந்நீரைப் பருகுவோர்க்கு நோய் வரும் என்பது அவர் எண்ணம். எண்ணத்தின் முற்பகுதி மெய், பிற்பகுதி பிழை.

வீணான இரண்டாண்டு

1895இல் ராஸ் செகந்தராபாத்தில் பணியேற்றார். நோயாளிகளைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, பின்னர் அக்கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சோதித்தார். கொசு மடிந்த நீரைச் சிலர் இசைவுடன் பருகினர். தெளிவான பயன் விளையவில்லை. இரண்டாண்டு உழைப்பும் பலன் தராமைக்குக் காரணம் ஒன்றே. அவர் எடுத்துக்கொண்ட சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களும் மனித மலேரியாவைப் பரப்பும் இனத்தவை அல்ல. இக்காலத்தில் நாம் கியூலெக்ஸ் என்றும் ஈடிஸ் என்றும் வழங்குபவை அவை. இனம் பிரித்தறியும் நூலறிவு அன்று அவருக்குக் கிட்டவில்லை.

1897இல் உதகமண்டலத்தை அடுத்த சீகூர் மலைச்சரிவுக்குச் சென்ற ராஸ் தாமே மலேரியாவுக்கு ஆளானார். சுவரில் வாற்பகுதியை உயர்த்தி அமரும் ஒரு கொசுவையும் அங்கே கண்டு குறித்துக்கொண்டார்.

1897 ஆகஸ்டு 20

செகந்தராபாத்துக்கு மீண்டபின், சிறகுகளில் புள்ளிகள் உடைய கொசுக்களின் புழுக்கள் அவருக்குக் கிடைத்தன. அவற்றை வளர்த்து, உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா கொடுத்தார். காற்றில் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் விசிறியையும் நிறுத்திவிட்டுக் கடும் புழுக்கத்தில் பணியாற்றினார். வியர்வையால் நுண்பெருக்கியின் திருகாணிகள் துருவேறின.

ஆகஸ்டு 20ஆம் நாள், ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான உயிரணுக்கள் சிலவற்றைக் கண்டார். அவற்றினுள் லாவரான் கண்ட அதே கருந்துகள்கள் இருந்தன. கொசுவின் உடலில் இயல்பாக அத்துகள்கள் இரா. மறுநாள் அறுத்த கொசுவில் அவ்வணுக்கள் மேலும் பெரியனவாக இருந்தன. ஆகவே ஒட்டுண்ணி கொசுவினுள் உயிர்வாழ்கிறது என்பதோடு வளரவும் செய்கிறது எனத் தெளிந்தார். அனோபிலிஸ் இனத்தைச் சார்ந்தது அக்கொசு.

கல்கத்தாவில் நிறைவு

விரைவில் மலேரியா அருகிய வேறோர் ஊருக்கு அவர் மாற்றப்பட்டதால் ஆராய்ச்சி தடைப்பட்டது. 1898இல் கல்கத்தாவுக்கு வந்தபோதும் மனித நோயாளிகள் போதிய அளவு கிடைத்திலர். எனவே பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். அதனைப் பரப்புவது அவர் முன்னர் வீணே அறுத்த சாம்பல் நிறக் கொசுவே. இரைப்பைச் சுவரிலிருந்த உருண்டைகள் முதிர்ந்து வெடிப்பதையும், அவற்றினின்று வெளிப்படும் நூலிழை போன்ற நுண்ணுயிர்கள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் 1898 ஜூலையில் கண்டார். அத்தகைய கொசுக்கள் கடித்த நலமான சிட்டுக்குருவிகளுள் பெரும்பாலானவை நோயுற்றன. நோய் நீரால் வருவதன்று, கடியால் வருவது என நிறுவப்பட்டது.

மனித மலேரியா அனோபிலிஸ் கொசுவில் முழுச் சுழற்சி பெறுவதை இத்தாலிய அறிஞர் கிராஸியும் அவர்தம் துணைவரும் அவ்வாண்டின் இறுதியில் மெய்ப்பித்தனர். ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் 1932இல் மறைந்தார்.

கொசுவினுள் நிகழ்வன

1. பெண் அனோபிலிஸ் நோயாளியின் இரத்தத்தை உறிஞ்சுகையில் ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் இரைப்பையை அடைகின்றன.
2. அங்கே அவை கூடிக் கரு உண்டாகிறது. அது அசைந்து சென்று இரைப்பைச் சுவரைத் துளைக்கிறது.
3. சுவரின் வெளிப்புறத்தில் உருண்டையாகத் தங்கி வளர்கிறது. ராஸ் கண்டது இந்நிலையையே.
4. உருண்டை வெடிக்க, ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்கள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்த கடியில் மனிதனுள் புகுகின்றன.

இவையனைத்தும் நிறைவுற வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். குளிர் மிகின் நாள் நீளும். இதில் களப்பணியாளர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பத்து நாளுக்குமுன் மடியும் கொசு நோயைப் பரப்பாது. வீட்டின் உட்சுவரில் மருந்து தெளிப்பதன் பயன் இதுவே. கொசுக்கள் அனைத்தும் அழியாவிடினும் அவற்றின் வாழ்நாள் குறுகினால் நோயின் சங்கிலி அறும். கொசுவின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே குறையின் நோய் தானே தேயும் என ராஸும் தம் 1910ஆம் ஆண்டு நூலில் கணக்கிட்டுக் காட்டினார்.

வகுப்பிலும் களத்திலும்

நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும் புழு அனோபிலிஸ். தலைகீழாகத் தொங்குவது கியூலெக்ஸ். ஆசிரியர்கள் துணியால் வாய்கட்டிய கண்ணாடிப் புட்டியில் இவ்விரண்டையும் மாணவர்க்குக் காட்டலாம். ஆயின் புழுக்கள் சிறகு பெறுமுன் அழித்துவிடல் வேண்டும்.

நம் நாட்டில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. 1960களின் நடுவில் நோயாளர் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தது. ஆனால் 1976இல் அது 60 இலட்சத்தைக் கடந்தது. மருந்தை எதிர்க்கும் திறன் பெற்ற கொசுக்களும், கண்காணிப்பில் நேர்ந்த தளர்ச்சியும் இதற்குக் காரணமாயின. இன்ன கொசு, இன்ன இடம், இன்ன நாள் எனக் குறித்துவைக்கும் பழக்கமே ராஸை வெற்றிக்கு இட்டுச் சென்றது. ஊர்தோறும் செல்லும் பணியாளரின் குறிப்பேட்டுக்கும் அதே மதிப்பு உண்டு.