கோழி இதழில் வந்த பேப்பர்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பேப்பர் 7, மேற்கோள் 41, எச் இன்டெக்ஸ் 4. உன்னோடு சேர்ந்தவனுக்கு எச் இன்டெக்ஸ் 9. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எந்த செல்லை வைத்துக்கொண்டு மல்லாடுகிறாய், அது உன்னை என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் கவலை.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். எச் இன்டெக்ஸ், 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற பேப்பர் நான்கு இருந்தால் எண் 4. ஏழு பேப்பர் வைத்திருப்பவனுக்கு அது ஏழைத் தாண்ட வழியே இல்லை. வயதாக ஆக ஏறும். ஆள் போன பிறகும் ஏறும். இதற்காகவா தூக்கம் கெடுவது? வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கேட்பார்கள், எழுதிக் கொடு.

இனி ஒரு கோழிக் கதை. 1950-களில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளிக் ஆராய்ச்சி மாணவர். பறவைகளின் கழிவுப்புழை அருகே ஒரு சிறு பை உண்டு. உடற்கூறியலாளர் ஃபப்ரீசியஸ் விவரித்ததால் அவர் பெயரிலேயே பர்சா ஆஃப் ஃபப்ரீசியஸ். அவருடைய நூல் அச்சானது 1621-இல். முன்னூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பை எதற்கு என்று யாருக்கும் தெரியாது. க்ளிக் குஞ்சுகளில் அதை வெட்டி எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. கோழி பாட்டுக்கு வளர்ந்தது.

டிமதி சாங் என்ற இன்னொரு மாணவருக்கு, சால்மொனெல்லா கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் வேண்டியிருந்தன. க்ளிக் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். செய்முறை சொதப்பியது, சில கோழிகளில் ஆன்டிபாடி வரவில்லை. நானாக இருந்தால் ஊசி மருந்தைத் திட்டிவிட்டு வேறு கோழி கேட்டிருப்பேன். அவர்கள் எந்தக் கோழிகள் என்று பார்த்தார்கள். பர்சா எடுத்த கோழிகள்!

இதைப் பேப்பராக எழுதி அனுப்பினார்கள். சயன்ஸ் இதழ் அதைத் திருப்பி அனுப்பியது. 1956-இல் அது பௌல்ட்ரி சயன்ஸில் வந்தது. நோயெதிர்ப்பியல்காரர்கள் கோழி வளர்ப்பு இதழைப் புரட்டுவார்களா? சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1965-இல் மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பர் குழு, கோழியில் தைமஸ் சுரப்பியின் வேலை வேறு, பர்சாவின் வேலை வேறு என்று பிரித்துக் காட்டியது. ஆன்டிபாடிக்குக் காரணமான பி செல்லின் 'பி' அந்தப் பர்சாவின் பி. (போன் மேரோவின் பி என்று வாய்மொழித் தேர்வில் சொல்லாத மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை.) கூப்பருக்கும், தைமஸின் வேலையைக் கண்டறிந்த ஜாக் மில்லருக்கும் 2019-இல் லாஸ்கர் விருது. 1958-இல் மேற்கோளை எண்ணி வேலை கொடுத்திருந்தால் க்ளிக்கின் பேப்பருக்கு என்ன மார்க் போட்டிருப்பார்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. புரதத்தின் அளவைக் காண லௌரி 1951-இல் எழுதிய பேப்பருக்கு மேற்கோள் மூன்று லட்சத்துக்கு மேல். அது அப்படியொன்றும் பெரிய பேப்பர் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சோதனைச்சாலையில் எல்லோருக்கும் கைகொடுத்த செய்முறை, அவ்வளவுதான். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. உன் செய்முறைப் பகுதியை அடுத்தவன் படித்து அப்படியே செய்யும்படி எழுது.

நான் செய்த தவறைச் செய்யாதே. உன் வயதில் ஒரே வேலையை மூன்றாக நறுக்கி மூன்று ஜர்னலுக்கு அனுப்பினேன். எண்ணிக்கை கூடியது. எந்தத் துண்டில் எந்த அளவு மருந்து எழுதினேன் என்று இன்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் போடுகிற ஜர்னல்களைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை.

யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸைத் தொடங்கியது ஆளை எடைபோட அல்ல. ஒரு கருத்தை யார் எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று தேடிப் பிடிக்க. நீயும் அப்படியே பயன்படுத்து. அந்த 41 பேப்பரையும் திறந்து, எந்த வாக்கியத்தில் உன் பெயர் வருகிறது என்று பார். சிலர் படிக்காமலே போட்டிருப்பார்கள். ஒருவராவது உன் முடிவு தங்களுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தால், முதலில் அவருக்கு மெயில் போடு.

அடுத்த கடிதத்தில் எண் வேண்டாம். அவர் என்ன பதில் எழுதினார் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்