பதினான்கையும் ஒன்றாக வாங்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். 'வீல் ஆஃப் டைம்' நாவல் தொடரின் பதினான்கு பாகங்களையும் செட்டாக வாங்கப் பணம் கேட்டிருந்தாய். பணம் தருவதில் எனக்குத் தயக்கமில்லை. படிக்கிற பிள்ளை மந்திரம், விண்கலம் என்று பொழுதைக் கழிக்கிறாளே என்று உன் அம்மா போனில் அழாத குறை. நான் அந்தக் கட்சியிலும் இல்லை. ஆனாலும் முதல் பாகத்தை மட்டும் வாங்கு என்றுதான் சொல்வேன்.

நாங்கள் தொடர் படித்த விதம் வேறு. நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டர்னராக இருந்தபோது வார லீவுக்கு அம்பத்தூரில் ரயில் ஏறினால் மூர் மார்க்கெட்டில்தான் இறங்குவேன். இன்று நீ கல்லூரிக்குப் போக இறங்குகிற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் 1985 மே மாதம் தீப்பிடித்து எரிகிற வரை அந்தச் சிவப்புக் கட்டடமும் பழைய புத்தகக் கடைகளும் இருந்தன. அங்கே எந்தத் தொடரும் வரிசையாகக் கிடைக்காது. யாரோ வீட்டைக் காலி செய்து எடைக்குப் போட்டதில் எது வந்ததோ அதுதான். ஐசக் அசிமோவின் 'பவுண்டேஷன்' வரிசையில் என் கைக்கு முதலில் வந்தது இரண்டாம் பாகம். அட்டை கிழிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் யார் வீட்டுப் பால் கணக்கோ பென்சிலில் இருந்தது. முன்கதை ஒன்றும் தெரியாது. ஆனால் மியூல் என்று ஒருவன் வந்து, ஆயிரம் ஆண்டுக்குப் போட்டுவைத்த கணக்கையே கவிழ்க்கிறான் பார், அதைச் செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து விடிய விடியப் படித்தேன். முதல் பாகம் படிக்காதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அப்போது பிடித்துக்கொண்ட அளவுகோல் இது. எந்தப் பாகத்தை எடுத்தாலும் அது தன் காலில் நிற்க வேண்டும். 'முந்தின எட்டையும் படித்தால்தான் ஒன்பதாவது ருசிக்கும்' என்றால், ஒன்பதாவதை எழுதியவர் அசந்துவிட்டார் என்று அர்த்தம். அதை நீ முடித்தே ஆக வேண்டும் என்று சட்டமா? தொடரை ஆரம்பித்துவிட்டோமே என்பதற்காகப் படிப்பது, கடன் வாங்கிவிட்டோமே என்று வட்டி கட்டுவது போலத்தான்.

நீ கேட்கிற தொடரையே எடுத்துக்கொள். ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கினார். முடிக்காமலே 2007-இல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதி 2013-இல் முடித்தார். நடுவில் சில பாகங்கள் ஊர்ந்துதான் போகும் என்பதை அதன் ரசிகர்களே ஒத்துக்கொள்வார்கள். செட்டாக வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டால், அந்தப் பாகங்களுக்கு வந்ததும் நிறுத்த உனக்கு மனசு வராது. அதுதான் எனக்குக் கவலை.

எழுத்தாளர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 'பவுண்டேஷன்' 1953-இல் மூன்று நூல்களோடு நின்றது. பதிப்பகம் விடாமல் கேட்டுக்கேட்டு, நான்காவது வந்தது 1982-இல். என்னைக் கேட்டால் முதல் மூன்றே போதும். ஜார்ஜ் மார்ட்டின் எழுதும் தொடரில் ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. ஆறாவதைக் காணோம் என்று நீ அவரைத் திட்டுவதாகக் கேள்விப்பட்டேன். திட்டாதே அம்மா, ஐந்து கொடுத்திருக்கிறார்.

அடுத்து, இந்த மாதிரிக் கதைகளின் ருசி இங்கிலீஷில்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பத்து வயசில், 1972-இல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகரும். மூலம் பிரிட்டிஷ் காமிக்ஸ்தான், ஆனால் எங்கள் தெருவுக்கு அவன் தமிழன். (பையன்கள் ஸ்விட்ச் போர்டுப் பக்கம் போனாலே வீட்டில் உதை விழுந்த காலம்.)

அப்புறம் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு உள்ள இன்ஜினீயர். 'என் இனிய இயந்திரா' 1980-களில் விகடனில் வாராவாரம் வந்தது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், பெயருக்கு இரண்டே எழுத்து. அந்த உலகத்தில் நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும். அந்த நாய் புத்தகம் படிக்கும், யோசிக்கும், கிண்டல் அடிக்கும். நாட்டை ஆளும் ஜீவா யார் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே படி. இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. எனக்கு முதலாவதுதான் ஒரு படி மேலே. நீ இரண்டாவதையே முதலில் படித்துப் பார், என் அளவுகோல் தேறுகிறதா என்று உனக்கே தெரியும்.

தொடரே இல்லாமல் ஒரே புத்தகம் வேண்டுமானால் ஆர்தர் கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' இருக்கிறது. 1979-இல் வந்து ஹியூகோ, நெபுலா இரண்டு பரிசும் வாங்கியது. 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்த மனிதர், அந்தத் தீவையே கதைக்காகத் தெற்கே தள்ளிப் பூமத்திய ரேகையில் வைத்து, அங்கிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். மலை உச்சியில் ஒரு மடம். இடத்தைக் கொடுக்க மாட்டோம் என்று துறவிகள் மறுக்கிறார்கள். இன்ஜினீயரிங் படிக்கிற நீ இதை முதலில் படிக்கலாம். சுஜாதா இறந்தது 2008 பிப்ரவரி 27, கிளார்க் இறந்தது மார்ச் 19. அந்த ஒரு மாதத்தில் என் அலமாரியில் பாதி அநாதையாகிவிட்டது.

முதல் பாகத்துக்கான பணத்தை உன் அப்பா கணக்கில் போட்டிருக்கிறேன். பிடித்தால் இரண்டாவதுக்குக் கேள், தருகிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிட்டு அதையும் எழுது, பணம் வீணாயிற்று என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி வரும்போது உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. காமிக்ஸ் ஸ்டாலுக்கு முதலில் போகலாம்.

அன்புடன்,
பெரியப்பா
அம்பத்தூர்