பூனைக்குட்டியும் விளைவு விதியும்

ஏரலில் எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு பூனைக்குட்டி ஒண்டியது. விரலைக் கடிக்கும், சத்துணவுத் தட்டின் மேல் பாயும். "ரெண்டு அடி போட்டா அடங்கிரும் டீச்சர்" என்றான் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன். வகுப்பில் தலையாட்டியவர்கள் பலர். அதையே அந்த வாரத்தின் செயல்பாடாக எடுத்துக்கொண்டேன்.

தார்ன்டைக்கை பி.எட்.டில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். 1898இல் புதிர்ப்பெட்டிக்குள் பூனைகளை அடைத்து ஆராய்ந்தவர். விளைவு விதி அதிலிருந்து பிறந்தது. வெகுமதி பழக்கத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதை அழிப்பதில்லை என்று 1930களில் அவரே விதியைத் திருத்தினார். தேர்வுக்குப் படிக்கையில் பெரும்பாலும் நாம் தாண்டிவிடும் பகுதி இது.

முதலில் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். மாணவர்கள் கையால் விளையாட்டுக் காட்டக் கூடாது என்பது முதல் விதி. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும்.

குட்டிக்கு அசைவதெல்லாம் இரை. விரலுக்குப் பதில் நீளமான சணல் கயிற்றை ஆட்டினோம். கயிற்றைப் பிடித்தால் அந்த நொடியே உப்பில்லாமல் அவித்த மீன் துணுக்கு. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. காலைக் கவ்வ வந்தால் அதட்டல் இல்லை, ஆட்டம் நின்றுவிடும். சாப்பாட்டு மணிக்கு முன்பே பின்பக்கம் அதற்குச் சோறு வைத்தோம். தட்டில் பாய்ந்த தடவைகளை மாணவர்கள் தினமும் வரைபடமாக்கினார்கள். கோடு ஒரேயடியாக இறங்கவில்லை, ஏறி இறங்கியது. ஏறிய நாள்களில் சோறு தாமதமாக வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவன், அடிக்கச் சொன்ன அதே மாணவன்.