பாதி சில்லிடும் காயில்

கேள்வி: எங்கள் தோல் ஆலையில் பாய்லர் நன்றாக ஓடுகிறது. ஆனால் டிரையரின் நீராவிக் காயிலில் கீழ்ப்பாதி சில்லென்று கிடக்கிறது. தோல் ஒரு பக்கம் காய்ந்து, மறுபக்கம் ஈரமாகவே வருகிறது. ஏன்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: நீராவி சூட்டைக் கொடுத்ததும் நீராகிவிடும். அந்த நீர் வடியாமல் தேங்கினால், பின்னால் வரும் நீராவிக்கு இடமில்லை. பெரும்பாலும் இந்த நீரை வடிக்கும் ஸ்டீம் டிராப்பிலோ, அதற்கு முன்னுள்ள வடிகட்டியிலோ துரு அடைத்திருக்கும். வால்வை மூடி, அழுத்தம் முழுக்க இறங்கி, குழாய் ஆறிய பிறகே கழற்றி அலசுங்கள். அவசரப்பட்டால் கை வெந்துவிடும். அப்படியும் சூடேறாவிட்டால் டிராப்பை மாற்றுங்கள்.

லண்டன் வீடுகளின் சுடுநீர் ரேடியேட்டரிலும் இதே கதைதான்: மேலே சில்லிட்டால் காற்று, அடியில் சில்லிட்டால் வண்டல். காற்றென்றால், காற்று வால்வைச் சிறு சாவியால் திருகி, ‘உஸ்’ஸென்ற சத்தம் அடங்கி நீர் கசியும்வரை விட்டு மூடினாலே போதும்.