தைப்பூசத்துக்குப் புறப்படும் முன் கைப்பேசியையும் தயார் பண்ணுங்க

விரதம், காவடி, பால்குடம், மாற்றுடை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தயார் செய்கிறோம். ஆனால் பத்துமலை அடிவாரத்தில் ரெண்டு மூணு மணி நேரம் நின்றதுமே பலருடைய கைப்பேசி செத்துப்போகுது. "காலையிலதான் முழுசா சார்ஜ் போட்டேன், பேட்டரி போச்சு போல" என்று மறுநாள் கடைக்குப் போகிறவங்களும் உண்டு. அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்க வேண்டாம். பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பே இல்லை.

ஒரு சின்ன மண்டபத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன செய்வீங்க? குரலை உயர்த்துவீங்க, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வீங்க. கூட்டத்தில் கைப்பேசியும் அதைத்தான் செய்யுது. ஒரு கோபுரத்தால் ஒரே நேரத்தில் கவனிக்க முடிகிற கைப்பேசிகளுக்கு அளவு உண்டு. பதில் சரியாக வராதபோது கைப்பேசி அலையின் வலிமையைக் கூட்டும், மறுபடி மறுபடி முயற்சி செய்யும். சட்டைப் பையில் சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும், உள்ளே அது கத்திக்கிட்டே இருக்கு. வெயிலில் திரை வெளிச்சமும் முழுசாக ஏறியிருக்கும். அப்புறம் பேட்டரி எப்படித் தாங்கும்?

அதனால் தேவையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறையைப் போட்டுடுங்க. படம் எடுக்கலாம், நேரம் பார்க்கலாம், ஒன்றும் குறையாது. ஆனால் வீட்டில் தேடுவாங்களே? புறப்படும் முன்பே பேசி வெச்சுக்குங்க: ஒவ்வொரு மணிக்கும் முதல் அஞ்சு நிமிஷம் எல்லோரும் கைப்பேசியைத் திறந்து வைக்கணும். வாட்ஸ்அப் சுத்திக்கிட்டே நின்றால் பழைய குறுஞ்செய்தியை அனுப்பிப் பாருங்க. அதற்கு ரொம்பக் கொஞ்சம் அலைவரிசை போதும் என்பதால் பல சமயம் அது போய்ச் சேர்ந்துவிடும். "படிக்கட்டுக்குக் கீழே நில்லு" என்று மட்டும் சொல்லாதீங்க. அந்த 272 படிகளுக்குக் கீழேதான் ஊரே நிற்கும். ஏதாவது ஒரு தண்ணீர்ப் பந்தலைப் பெயரோடு சொல்லுங்க.

இப்போ நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிற விஷயம். பந்தலில் ஒரு பாட்டி மயங்கி விழுறாங்க என்று வைங்க. பக்கத்திலேயே அவங்க கைப்பேசி கிடக்கு, ஆனால் பூட்டியிருக்கு. மகன் நம்பர் உள்ளே இருந்து என்ன பயன்? 999க்கு அழைக்கலாம், பூட்டிய கைப்பேசியிலும் அவசர அழைப்பு போகும். ஆனால் அவங்களுக்கு இனிப்பு நீரா, எந்த மருந்து ஒத்துக்காது என்று யார் சொல்வது? இதற்கு ஏற்கனவே வழி இருக்கு, நாமதான் பயன்படுத்துவதில்லை. ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐடி என்று ஒரு பகுதி இருக்கு. பெயர், நோய், மருந்து, அவசரத் தொடர்பு எண் எல்லாம் போட்டுட்டு, பூட்டியிருக்கும்போதும் காட்டு என்ற பொத்தானைத் திறந்து விடணும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் பாதுகாப்பு, அவசரம் என்ற பகுதியில் இதே வசதி கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும். உங்க கைப்பேசிக்குச் செய்தால் போதாது, அம்மா அப்பா பாட்டி தாத்தா கைப்பேசிக்கும் இன்றைக்கே செய்யுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

சின்னப் பிள்ளைகளுக்கு இது எதுவும் உதவாது. ஒரு துண்டுக் காகிதத்தில் அம்மாவின் எண்ணை எழுதிப் பையில் வையுங்க, இல்லையென்றால் கையிலேயே பேனாவால் எழுதுங்க. நம்மில் எத்தனை பேருக்குச் சொந்த அம்மாவின் நம்பர் மனப்பாடம்? சும்மா கேட்டேன்.

பவர்பேங்க் வாங்கும்போது ஒரு கணக்கு. 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் 5,000 எம்ஏஎச் கைப்பேசியை ரெண்டு முறை நிரப்பலாம் என்று நினைப்போம். நடக்காது. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போது அது 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாக வீணாவதையும் கழித்தால் 6,000 சொச்சம்தான் மிஞ்சும். கைப்பேசிக்கு ஒன்றரை முறை ஏறினாலே நல்ல பவர்பேங்க். பாசார் மாலாமில் 50,000 என்று எழுதி உள்ளங்கை அளவில் விற்பதைப் பார்த்தால் சிரிச்சுட்டு நடையைக் கட்டுங்க. உப்பிப் போன பவர்பேங்கைத் தொடவே வேண்டாம், வெயிலில் நிற்கிற காருக்குள் நல்லதைக்கூட வைக்காதீங்க.

அடுத்தது பால். பால்குடத்தோடு போகிறவங்க பக்கத்தில் நின்றால் நனையாமல் வரமுடியாது. "என்னுடையது ஐபி68, தண்ணியில போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்பாங்க. அந்தச் சோதனை சுத்தமான நன்னீரில் செய்யப்படுவது. பால், இளநீர், வியர்வை மூணிலும் உப்பும் மற்றவையும் கரைஞ்சிருக்கு. ஈரம் காய்ந்தாலும் அவை உள்ளே தங்கும். மின்சாரம் ஓடும்போது உலோகத்தை அரிக்கும். அதனால் நனைந்ததும் முதல் வேலை கைப்பேசியை அணைப்பது. "வேலை செய்யுதா" என்று போட்டுப் போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்லுது. சார்ஜரைச் செருகவே கூடாது. உறையைக் கழற்றி, துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி மெதுவாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்க. அரிசிப் பானைக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம். துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. பால் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் காயக் காத்திருக்காமல் கடையில் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்க.

இடம் நிறைந்துவிட்டது என்ற செய்தி சரியாகக் காவடி கிளம்பும் நேரத்தில்தான் வரும். ஐபோனில் 4கே 60 பிரேம் காணொளி நிமிஷத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி பிடிக்கும். 1080பி 30 பிரேம் என்றால் 60 எம்பிதான். குடும்பக் குழுவில் பார்க்கப் போகிற காணொளிக்கு இதுவே தாராளம். முதல் நாளே வாட்ஸ்அப்பின் சேமிப்புப் பகுதிக்குப் போய்க் காலை வணக்கப் படங்களை அழிச்சுடுங்க. அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால் குப்பைத் தொட்டியைப் பாருங்க. ஐபோனில் அழித்த படம் 30 நாள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தவறி அழித்தவங்களுக்கு இதுவே நல்ல செய்தி.

திருவிழா முடிந்த பிறகு கிளைப் பொறுப்பாளர்கள் ஒன்று செய்யணும். நம் பந்தல் படங்கள் பத்துப் பேர் கைப்பேசியில் சிதறிக் கிடக்கும், யாராவது ஒருவர் கைப்பேசியை மாற்றினால் அந்த வருஷமே காணாமல் போகும். அந்த வாரமே வாங்கிடுங்க. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்க. கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி மட்டுமே, அதிலும் மின்னஞ்சலுக்கும் பங்கு உண்டு. ஒரு வன்தட்டில் ஒரு பிரதி, வேறொருவர் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

அப்படி வாங்கும்போது "தைப்பூசப் படங்கள்" என்று ஒரு கோப்பு வந்து, பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் திறக்காதீங்க. அது படமே இல்லை, கைப்பேசிக்குள் செயலியை நிறுவும் கோப்பு. வங்கியிலிருந்து வரும் குறியீட்டைக்கூடத் திருட முடியும். தெரியாமல் நிறுவியிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்க, இன்னொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கு அழையுங்க. பணம் போயிருந்தால் உடனே 997.