உள்ளான் படத்துக்கு எவ்வளவு ஷார்ப்பனிங்?

பேரையூர் வட்டாரக் கண்மாய்களில் தண்ணீர் இறங்கி ஓரச் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டால் உள்ளான்களுக்குக் கொண்டாட்டம். படம் எடுப்பவருக்குத்தான் சோதனை. சேறும் பழுப்பு, பறவையும் பழுப்பு. பொறி உள்ளானின் நீளமே சுமார் 20 செ.மீ. கரையிலிருந்து 600 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் பெரும்பாலும் கிராப் செய்யத்தான் வேண்டும். கிராப் செய்த படம் மந்தமாகத் தெரிந்ததும் கை ஷார்ப்பனிங் பக்கம் போகிறது. அங்கேதான் பல நல்ல படங்கள் கெடுகின்றன.

முதலில் படத்தை 100 சதவீத அளவில் திறந்து கண்ணைப் பாருங்கள். கண்ணில் ஃபோகஸ் விழவில்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். வெயில் ஏறியபின் சேற்றுக்கு மேல் கானல் ஆடும். அதில் நெளிந்துபோன இறகை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. ஷார்ப்பனிங், படத்தில் இல்லாத விவரத்தை உண்டாக்குவதில்லை. இரண்டு நிறங்கள் சந்திக்கும் விளிம்பில் இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது நாய்ஸ். விடியற்காலையில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் நாய்ஸை முன்னதாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறகோடு சேர்ந்து அதுவும் கூர்மையாகிவிடும்.

இனி லைட்ரூம். ரா ஃபைலுக்கு அதுவே அமவுன்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெயில் 25, மாஸ்கிங் 0 என்று வைத்திருக்கும். உள்ளான் இறகு நுணுக்கமானது, ரேடியஸை 0.7, 0.8 அளவுக்கு இறக்குங்கள். அமவுன்ட் 50 முதல் 70 வரை போதும். பிறகு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே மாஸ்கிங்கை நகர்த்துங்கள். திரை கறுப்பு வெள்ளையாகும். கறுப்பான இடத்தில் ஷார்ப்பனிங் விழாது. தண்ணீர்ப் பரப்பு முழுக்கக் கறுப்பாகும்வரை நகர்த்தலாம்.

ஆனால் மாஸ்கிங்குக்கு விளிம்பு மட்டுமே தெரியும். வெடித்த சேற்றின் பொருக்கும் அதற்கு விளிம்புதான், பறவையின் முதுகுப் புள்ளியும் விளிம்புதான். சேறு கூர்மையானால் பறவை அதற்குள் மறைந்துவிடும். ஆகவே செலக்ட் சப்ஜெக்ட் மூலம் பறவையைத் தேர்ந்து, தேர்வைத் தலைகீழாக்கி, பின்னணியின் ஷார்ப்னஸை மைனஸ் 50 பக்கம் இழுங்கள். மெல்லிய கால்களை இந்தத் தேர்வு அடிக்கடி விட்டுவிடும். தலைகீழாக்கும் முன்பே பிரஷ்ஷால் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அலகு நுனியையும் மறக்காமல்.

நெடுங்கால் உள்ளானுக்குத் தனிக் கவனம் தேவை. அதன் கரிய இறக்கை பளபளக்கும் நீரைத் தொடும் கோட்டில் வெள்ளைக் கீற்று தோன்றினால் கை மீறிவிட்டது என்று பொருள். அமவுன்டைக் குறைப்பதற்கு முன் ரேடியஸைக் குறைத்துப் பாருங்கள்.

காசு செலவில்லாத கிம்ப்பிலும் இதே வேலையைச் செய்யலாம். லேயரை நகலெடுத்து, அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸ் 1, அமவுன்ட் 0.5 வைத்து, கறுப்பு லேயர் மாஸ்க் போட்டு, பறவையின் மேல் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தீட்டுங்கள். கண்ணில் முழுதாக, உடலில் பாதி அடர்த்தியில்.

இவ்வளவு கறாராக இருக்கச் சொல்வது அழகுக்காக மட்டுமில்லை. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது பலர் படத்தோடு ஈபேர்டில் பதிவிடுகிறார்கள். பொறி உள்ளானையும் பச்சை உள்ளானையும் பிரிப்பதற்கு முதுகுப் புள்ளிகளின் அளவும், கண்ணைத் தாண்டி நீளும் வெண்புருவமும் முக்கியமான அடையாளங்கள். அளவு மீறிய ஷார்ப்பனிங் மங்கிய புள்ளியைப் பளிச்சென்று காட்டும். பார்ப்பவர் இனத்தையே மாற்றிச் சொல்லிவிடக்கூடும். பதிவுக்கான படத்தில் ரேடியஸை ஒருபோதும் 1.0-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

கடைசி ஷார்ப்பனிங், படத்தின் அளவைச் சுருக்கிய பிறகுதான். இணையத்துக்கு என்றால் லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் ஸ்க்ரீன், ஸ்டாண்டர்ட். மேட் தாளில் மை ஊறிப் பரவும் என்பதால் அச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். அதைத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். அச்சுக்கு ஏற்றியது திரையில் கரகரப்பாகத் தெரியும்.